ஜீர்ணம்

இலஞ்சி என்னும் சொல்லுக்கு நிகண்டுக்காரர்கள் பல பொருள் கூறியிருக்கிறார்கள். அவற்றுள் எங்கள் ஊராருக்கு உவப்பானவை இரண்டு. மகிழமரம் என்பது ஒன்று. குளம் என்பது மற்றொன்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அணித்தாய், சிற்றாற்றுப் பாய்ச்சலில் வயலும் தோப்புமாய்க் கிடக்கும் இவ்வூருக்கு இவ்விரண்டில் எது பெயர் தந்தது என்று வழக்காடுவதில் எங்கள் பெரியவர்கள் பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டிருக்கிறார்கள். நான் குளத்தின் கட்சி. ஆனால் ஊருக்குப் புகழ் சேர்த்தது அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய குமாரர் கோயில். முன்னொரு காலத்தில் மூன்று முனிவர்கள் இங்கே கூடி, காணப்படுகின்ற இவ்வுலகம் உள்பொருளா, இல்பொருளா என்று தர்க்கித்து முடிவு காணாமல் திகைத்தபோது, முருகப்பெருமான் குமாரப் பருவத்துத் திருக்கோலத்தோடு எழுந்தருளி ஐயம் அறுத்தார் என்பது தலவரலாறு. தாடி நரைத்த மூவரின் வாதத்தைத் தீர்க்க ஒரு வாலிபன் வரவேண்டியிருந்தது என்பதில் உள்ள நகைச்சுவையை, நானும் நரைத்த பிறகே உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு என் வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது. அதற்கு முன் இரண்டாண்டுகளாக, வெளுத்து வரும் வேட்டிகள் எல்லாம் பழுப்பேறியே வருகின்றன என்று வீட்டில் குறைபட்டுக்கொண்டும், சலவைக்காரரிடம் ஒருமுறை சற்றுக் கடுமையாகவே பேசியும் இருந்தேன். சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள், கொடியில் காய்ந்த அதே வேட்டி கண் கூசும் வெண்மையாய் இருந்தது. மேற்கே மலை நீலமாய் நின்றது. அந்த நீலத்தை எத்தனை ஆண்டுகளாக இழந்திருந்தேன் என்பது அது திரும்பி வந்த பிறகே தெரிந்தது. சலவைக்காரரிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டேன். "அப்பவே சொல்லியிருப்பேன் ஐயா, நீங்க நம்பியிருக்க மாட்டீங்க" என்றார்.

அறுவை செய்த மருத்துவ அம்மையார், நான் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, எடுத்த கண்வில்லையின் நடுப்பகுதியை ஒரு சிறு தட்டில் வைத்துக் காட்டினார். துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிது; பனங்கற்கண்டின் உடைந்த சில்லுப்போல் பழுப்பு நிறம். "உங்க உடம்புலயே ரொம்பப் பழைய சாமான் இதுதான், தாத்தா. அம்மா வயித்துல இருக்கையில உண்டானது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அவருக்கு அது அன்றாடப் பேச்சு. எனக்கோ அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

அவர் சொன்னது அட்சரமும் பிசகாத உண்மை. கண்வில்லையின் நடுவில் உள்ள உயிரணுக்கள், ஒளி தடையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காகத் தம் உட்கருவையும் ஏனைய உள்ளுறுப்புகளையும் துறந்து, கிரிஸ்டலின் என்னும் புரதத்தை மட்டுமே நிரப்பிக்கொண்டு, ஒருவகைத் துறவிகளாய் அமைந்துவிடுகின்றன. புதுப்புரதம் செய்யும் பட்டறையும் அங்கில்லை, பழையதைக் கழிக்கும் வாய்க்காலும் அங்கில்லை. இதைத் திட்டமாகக் காட்ட உதவியது, விசித்திரமாக, அணுகுண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்துப் பார்த்த குண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கரி மிகுந்து, பயிர் வழியே உணவிலும், உணவு வழியே உலக மக்கள் அனைவருடைய சரீரத்திலும் ஏறி, 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் சிறிது சிறிதாய்க் குறைந்து வந்தது. ஆகவே ஒரு திசுவில் அந்தக் கரி எவ்வளவு இருக்கிறதென்று அளந்தால் அத்திசு எக்காலத்தில் உண்டானதென்று கணிக்கலாம். டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2008-இல், இறந்தவர்களின் கண்வில்லைகளை இவ்வாறு சோதித்து, அவற்றின் நடுப்புரதம் அவரவர் பிறந்த காலத்துக் காற்றின் கணக்கையே காட்டுகிறதென்று வெளியிட்டார்கள். நான் 1949-இல் பிறந்தவன். என் தாயின் முகத்தை முதன்முதல் எந்தப் பொருளினூடே கண்டேனோ, அந்தப் பொருள் எழுபத்தைந்து ஆண்டுக்குப் பின் ஒரு தட்டில் கிடந்தது.

உடம்பின் பெரும்பகுதி இப்படிப்பட்டதன்று. ருடால்ப் ஷோன்ஹைமர் என்னும் ஜெர்மானியர், நியூயார்க்கில் குடியேறி, 1930-களின் பிற்பகுதியில் எலிகளுக்குக் கனத்த நைட்ரஜனால் அடையாளமிட்ட உணவைக் கொடுத்துப் பார்த்தார். வளர்ந்து முடிந்த பிராணிக்கு உணவு விறகு மாத்திரமே, எரிந்து சாம்பலாய் வெளியேறும் என்பது அதுகாறும் இருந்த எண்ணம். அவர் கண்டதோ, அடையாளமிட்ட நைட்ரஜனில் பெரும்பங்கு சில நாட்களுக்குள் எலியின் உடம்புப் புரதத்திலேயே போய் அமர்ந்துகொண்டது என்பது. வீடு என்று நினைத்தது ஆறாக முடிந்தது. கல்லீரலின் புரதங்களுள் பெரும்பாலானவை சில நாட்களில் மாற்றப்படுகின்றன; குருதியின் செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து, தன் ஹீமோகுளோபினோடு மடிகிறது. எங்கள் குளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி மழையிலும் வரும் நீர், மடை வழியாய்ப் பிசான நெல்லுக்கும் கார் நெல்லுக்கும் போய்விடுகிறது. சென்ற ஆண்டு நீரில் ஒரு துளியும் இவ்வாண்டு இல்லை. குளம் மட்டும் அதே குளம் என்கிறோம். ஆனால் அடியில் வண்டல் தங்குகிறது. என் கண்வில்லை வண்டல்.

இங்கேதான் நம் முன்னோர்களின் பழைய வழக்கு எழுகிறது. எல்லாம் கணந்தோறும் பிறந்து கணந்தோறும் அழிவன, நிலைத்த ஒன்று எங்குமில்லை, விளக்கின் சுடர் முதற்சாமத்தும் கடைச்சாமத்தும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றன்று என்பது பௌத்தர் கட்சி. குழந்தையாய் இருந்தது செத்து வாலிபமும், வாலிபம் செத்து முதுமையும் வருவதால் நாள்தோறும் நாம் சாகிறோம் என்னும் கருத்தை, சிதைந்து சில பாடல்களே எஞ்சிய குண்டலகேசி என்னும் பௌத்த காவியத்தில் காணலாம். ஷோன்ஹைமரின் எலிகளைக் கண்டிருந்தால் பௌத்த ஆசாரியர்கள் மிக மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் கண்வில்லையையும் பல்லையும் காட்டினால் சிறிது தயங்கியிருப்பார்கள். பல்லின் உட்பகுதிப் புரதமும் எளிதில் மாறாதது, அதிலுள்ள அஸ்பார்டிக் அமிலம் பிறப்பில் இடக்கை அமைப்பாய் இருந்து, ஆண்டுக்கு ஆண்டு மிகச் சிறு அளவில் வலக்கை அமைப்பாய்த் திரும்பிக்கொண்டே வருவதால், ஊர் பேர் தெரியாத பிரேதத்தின் வயதைப் பல்லைக் கொண்டு சொல்லிவிடுகிறார்கள். கணத்தில் அழியாத பொருளும் சரீரத்தில் உண்டு. ஆனால், இது கவனிக்கத்தக்கது, அது பெரும்பாலும் உயிர்ப்பில்லாத பகுதியில்தான் உண்டு.

சைவ சித்தாந்தியின் கட்சி வேறு. சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்தில், ஆன்மா உண்டென்பதற்கு மெய்கண்டார் கூறும் ஏதுக்களுள் ஒன்று, நாம் உடம்பை 'எனது உடம்பு' என்று வேறாக்கிச் சொல்கிறோம் என்பது. அதற்கு மாபாடியம் செய்த சிவஞான முனிவர், இங்கிருந்து தெற்கே, பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். எங்கள் பக்கத்து மனிதர் என்ற உரிமையில் அவர் கட்சியில் எனக்குச் சற்றுச் சாய்வு உண்டு. தட்டில் கிடந்த அந்தச் சில்லை, சிகிச்சையாகாத இடக்கண்ணால் குனிந்து பார்த்தபோது, என் சரீரத்தில் மிக நெடுங்காலம் மாறாமல் இருந்த பொருள் அதுவாய் இருந்தும், 'இதோ நான்' என்று ஒரு கணமும் தோன்றவில்லை. 'என்னுடையதாய் இருந்தது' என்றே தோன்றிற்று. ஆஹா, மூன்றாஞ் சூத்திரம் நிரூபணமாயிற்று என்று களித்தேன். அந்தக் களிப்பு ஒரு வாரம் நீடித்தது. அதற்குள், எடுத்த வில்லைக்கு மாற்றாக வைத்த செயற்கை வில்லையை, மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் லட்சக்கணக்கில் செய்துவருவது போன்ற ஒரு தொழிற்சாலைப் பண்டத்தை, 'என் கண்' என்றே கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எனது என்னும் சொல் இவ்வளவு மலிவாய் எதனோடும் ஒட்டிக்கொள்ளுமானால், அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதில் என்ன பயன்?

முனிவர் இதற்கு என்ன விடை சொல்லியிருப்பார் என்று பல நாள் எண்ணினேன். ஆன்மா தான் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது, படிகம் அருகில் வைத்த பொருளின் நிறத்தைக் கவர்ந்து தன் நிறமாய்க் காட்டுவதுபோல, என்பது சித்தாந்தத்தில் அடிக்கடி வரும் உவமை. கிரிஸ்டலின் என்று மேனாட்டார் வைத்த பெயரும் படிகம் என்னும் சொல்லிலிருந்தே வந்ததென்று அறிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. பெயர் வைத்தவருக்கு நம் சாத்திரம் தெரிந்திருந்ததென்று பெருமை பேச நான் வரவில்லை, அத்தகைய பெருமைப்பேச்சு நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. ஆனாலும் இரண்டாண்டுக் காலம் சலவைக்காரர் தலையில் நான் ஏற்றிய பழுப்பு, படிகத்தில் ஏறிய பழுப்பு. பார்க்கிறவனுக்குத் தன் கருவியின் நிறம் ஒருபோதும் தெரிவதில்லை. அது உலகத்தின் நிறமாகவே தெரிகிறது. உலகம் உள்பொருளா என்று தர்க்கித்த மூன்று முனிவர்களும் முதியவர்கள். அவர்கள் கண்ணில் புரை இருந்ததா என்று தலபுராணம் சொல்லவில்லை.

அந்தப் பழுப்பு எங்கிருந்து வருகிறது? திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடையில் அடுப்பருகே நின்றவர்களுக்கு விடை தெரியும். வெண்மையான பால், நெடுநேரம் கிண்டக் கிண்ட, பாலிலுள்ள சர்க்கரையும் பாலிலுள்ள புரதமும் சூட்டில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பொன்னிறமாகி, விட்டால் செம்பழுப்பாகிறது. இக்கிரியையை 1912-இல் மயார் என்னும் பிரெஞ்சுக்காரர் விளக்கினார். நம் சரீரத்திலும் குருதியில் சர்க்கரை உண்டு, எங்கும் புரதம் உண்டு, 37 பாகை சூடும் உண்டு. அடுப்பு மிகச் சிறிது, ஆனால் அணைப்பாரில்லை. மாற்றப்படும் புரதத்துக்கு இதனால் பெருங்கேடில்லை. மாறாத புரதத்தில்தான் எழுபது எண்பது ஆண்டுப் பாகு ஏறுகிறது. தசைநாணிலும் தோலிலும் எலும்பிலும் குருத்தெலும்பிலும் நிறைந்த கொலாஜன் இவ்வகையில் கட்டுண்டு, விறைத்து, மஞ்சளித்துப் போகிறது. அந்தக் கொலாஜனின் அமைப்பு, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு என்று 1954-இல் உலகுக்குச் சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தாவோடு அவர் ஆராய்ந்த மாதிரிகளுள் ஒன்று, சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வாலின் தசைநாண். பின்னாளில் அவர் இந்தியத் தர்க்க சாத்திரத்தின் ஸ்யாத்வாதம் முதலியவற்றைக் கணித வடிவில் அமைக்க முயன்றார் என்பது பலருக்குத் தெரியாது. கயிற்றின் முறுக்கைக் கண்டவர் வாதத்தின் முறுக்கையும் காண விரும்பியிருக்கலாம்.

இனி நான் சொல்லவேண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜீரணம் என்று வயிற்றைப் பற்றிச் சொல்கிறோம். ஜீர்ணம் என்று பழுதுபட்ட கோயிலைச் சொல்கிறோம். ஜரை என்று மூப்பைச் சொல்கிறோம். மூன்றும் வடமொழியில் ஒரே தாதுவிலிருந்து பிறந்த சொற்கள். இதை இளமையில் இலக்கணப் பாடமாய்ப் படித்தபோது தற்செயல் என்று நினைத்தேன். உயிரணுவின் உள்ளேயும் ஜீரணம் ஒன்று நடக்கிறது. மடிப்புக் குலைந்த புரதத்துக்கு ஓர் அடையாளச் சீட்டு ஒட்டி, அதை அரைக்கும் உரலுக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கண்டவர்களுக்கு 2004-இலும், உயிரணு தன் பழம்பகுதியைத் தானே சுற்றி வளைத்து உண்ணும் முறையை விளக்கிய ஜப்பானியரான ஓசுமிக்கு 2016-இலும் நோபல் பரிசு கிடைத்தது. கண்வில்லையில் இந்த உரல் ஓய்ந்துவிடுவதால், ஆல்பா கிரிஸ்டலின் என்னும் ஒருவகைப் புரதமே தாதியாய் நின்று, குலைந்த மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. வில்லையின் நடுவில் இத்தாதிகள் நாற்பது வயதளவில் ஏறக்குறையத் தீர்ந்துபோகிறார்கள். அதன் பின் திரிதலுக்குத் தடையில்லை. ஏனைய உறுப்புகளிலும் வயது ஏற ஏற உரலின் வேகம் தளர்கிறது, அரைபடாதது சேர்கிறது. ஜீரணம் தளர்ந்தால் ஜரை. தாதுவை வகுத்தவர்கள் உயிரணுவை அறியார். ஆனாலும் தின்பதும் தேய்வதும் ஒரு தொழிலின் இருபக்கம் என்று அவர்களுக்கு எப்படியோ தட்டுப்பட்டிருக்கிறது.

இந்தத் தளர்ச்சி எல்லா உறுப்புக்கும் ஒரே நாளில் வருவதன்று. 2025-இல் சீன ஆராய்ச்சியாளர்கள், விபத்தில் தலைக்காயம் பட்டு இறந்த, 14 முதல் 68 வயதுவரையுள்ள 76 பேரின் உறுப்புகளிலிருந்து 516 மாதிரிகளை எடுத்து, அவற்றின் புரதங்களை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அட்ரினல் சுரப்பியில் மாற்றம் முப்பது வயதளவிலேயே தொடங்கிவிடுகிறது. ஐம்பதை ஒட்டி மாற்றம் வேகமெடுக்கிறது. எல்லாவற்றினும் மிகுதியாய் மாறுவது, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி. அதன் சுவர் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டின் இளமையில் ஒருமுறை இழைக்கப்பட்டு, பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படாதது என்பது முன்பே அறிந்த செய்தி. ஆக, ஒரு மனிதன் ஒரே வயதினன் அல்லன். ஒரே கூரையின்கீழ்ப் பல வயதினர் வாழும் கூட்டுக்குடும்பம் போன்றவன், கல்லீரல் பேரப்பிள்ளை, பெருந்தமனி பாட்டனார்.

தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலுக்கு நடந்துபோகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். பராக்கிரம பாண்டியன் 1446-இல் அக்கோயிலை எடுக்கத் தொடங்கினான். அவன் பொறித்துவைத்த பாட்டுகளில் ஒன்று உலகத்து அரசர்களின் கல்வெட்டுகளில் அருமையாகக் காணும் வகையைச் சேர்ந்தது: கட்டிய தன் பெருமையைச் சொல்லுவதை விடுத்து, பின்னாளில் இக்கோயிலுக்கு ஏதேனும் பழுது நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் எவராயினும், அவரை இப்போதே பணிகிறேன் என்கிறான். பிறவாத மேஸ்திரியை ஓர் அரசன் கும்பிடுகிறான். பழுது நேர்ந்தும்விட்டது, என் பிள்ளைப் பருவத்தில் ராஜகோபுரம் பிளந்து மொட்டைக்கோபுரமாய் நின்ற கோலம் இன்னும் கண்முன் இருக்கிறது, நாங்கள் அதன் நிழலில் பம்பரம் விட்டிருக்கிறோம். 1990-இல் புதிய கோபுரம் எழும்பிக் குடமுழுக்கு நடந்தபோது, அந்தக் கும்பிடு ஐந்தரை நூற்றாண்டு பிந்திப் போய்ச் சேர்ந்தது.

திருப்பணிக்கு ஆகமம் இட்ட பெயர் ஜீர்ணோத்தாரணம். அதன் முறையைப் பார்த்தால் சிற்பிகளும் சிவாசாரியர்களும் சரீரத்தை நன்கு அறிந்தவர்கள் என்றே படுகிறது. மூலவரின் சக்தியைக் கும்பத்தில் ஏற்றி, பாலாலயத்தில் இருத்தி, அதன்பின்தான் உளியைத் தொடுவார்கள். மூர்த்தி மாறுவதில்லை, மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனம் மட்டும், கொம்பரக்கும் குங்கிலியமும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் முதலாயின சேர்த்து இடித்த அந்தப் பசை, நாளடைவில் இறுகி வெடித்து உதிர்வதாகையால், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை புதிதாய்ச் சார்த்தப்படும். நம் தேகத்தைப் படைத்தவன் இந்த ஒரு விஷயத்தில் ஆகமத்தைப் பின்பற்றவில்லை என்றே குறைகூறத் தோன்றுகிறது. கல்லீரலுக்கு நாள்தோறும் திருப்பணி, பந்தனமாகிய கொலாஜனுக்கும் எலாஸ்டினுக்கும் ஏறக்குறையக் கிடையாது.

ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டுப் பார்த்தேன். உடல்நூலார் கூறுவது, இனப்பெருக்கம் முடிந்த பின் உடம்பைப் பேணும் செலவு இயற்கைக்கு வீண் என்பது. இருக்கலாம். ஆனால் மூளையை நினைக்கும்போது வேறொன்றும் தோன்றுகிறது. நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை பிறப்போடு வந்து இறப்போடு போகிறவை. அவற்றின் உட்கருவைச் சூழ்ந்த சவ்வின் வாயில்களைக் காக்கும் சில புரதங்கள், எலிகளில் சோதித்தபோது, எலியின் ஆயுள் முழுவதும் மாற்றப்படாமலே இருந்தன. கல்லீரலைப் போல மூளையும் தன் அணுக்களைக் கழித்துப் புதுக்குமானால், நான் மூப்படையாமல் இருக்கலாம். என் தாயின் முகமும் என்னிடம் இராது. ஒரு பெயரும் ஒரு நினைவும் உடைய ஆளாய் இருப்பதற்கு எங்கோ ஏதோ வண்டல் தங்கியாக வேண்டியிருக்கிறது. பௌத்தர் துக்கம் என்பதும், சித்தாந்தி மலம் என்பதும், குளத்தை நினைப்பவனுக்கு அடிமண். இந்த ஒப்புமையைச் சிவஞான முனிவர் ஏற்கமாட்டார் என்று நன்றாகத் தெரியும்; மலம் ஆன்மாவுக்குச் செம்பிற் களிம்புபோல் அநாதியே உள்ளது, வந்து தங்கியதன்று என்று முதல் வரியிலேயே மடக்கிவிடுவார். மடக்கட்டும். களிம்பேறிய செம்பை என் மனைவி புளியிட்டுத் துலக்கும்போது, துலக்கத் துலக்கச் செம்பும் இம்மியளவு தேய்கிறதே என்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப்பற்றி முனிவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

சென்ற சித்திரையில் குளம் வற்றிக் கிடந்தது. கரம்பை மண் அள்ள டிராக்டர்கள் வந்து நின்றன. வண்டலை வயலுக்கு அடித்தால் அந்த ஆண்டு உரச்செலவு குறையும் என்பது இங்குள்ள குடியானவர் கணக்கு. மண்வெட்டி நேராய் இறங்கிய இடத்தில் மூன்றடி உயரத்துக்கு ஒரு சுவர்போல் வெட்டுப்பட்டு, உள்ளே அடுக்கடுக்காய்ப் பட்டைகள் தெரிந்தன. மெல்லியவை பல, நடுவே நாலு விரற்கிடை தடித்த கருப்புப் பட்டை ஒன்று. என் புதிய கண்ணுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியே துலங்கிற்று. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, மண் அள்ளிய பையன் அருகில் வந்தான்.

"என்ன தாத்தா பாக்கீங்க?"

"இந்தத் தடிச்ச பட்டை எந்த வருசத்து வெள்ளமா இருக்கும்னு பாக்கேன். தொண்ணூத்திரண்டுல பெருசா வந்துச்சு."

"நான் அப்பப் பொறக்கவே இல்ல" என்றவன், சற்றுத் தாமதித்து, "கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க தாத்தா, அதத்தான் அடுத்தாப்ல வெட்டப் போறேன்" என்றான். ஒதுங்கிக்கொண்டேன்.